ஒரு ரயில், இரண்டு கடல்

அவிநாசிக்கு ரயில் நிலையம் கிடையாது. ரயிலேற வேண்டுமென்றால் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் திருப்பூருக்குப் போக வேண்டும். அங்கே நின்று போகும் வண்டிகளில் எர்ணாகுளம்–காரைக்கால் எக்ஸ்பிரஸ் ஒன்று. பழைய பயணிகள் இன்னமும் அதை டீ கார்டன் எக்ஸ்பிரஸ் என்றுதான் சொல்வார்கள். அதன் ஒரு முனையில் அரபிக்கடல், மறுமுனையில் வங்காள விரிகுடா. மேற்கே போனால் சுமார் 250 கிலோமீட்டர், கிழக்கே போனால் சுமார் 340. கடலே இல்லாத கொங்குச் சீமையிலிருந்து இரண்டு கடலுக்கும் ஒரே வண்டி.

அறுபதைத் தாண்டியதும் கடலோரம் போய்க் குடியிருக்க வேண்டும் என்ற ஆசை இந்தப் பக்கம் புதிதல்ல. நாற்பது வருடம் பனியன் கம்பெனியின் பஞ்சுத் தூசியிலும் விசைத்தறிச் சத்தத்திலும் கிடந்தவருக்கு உப்புக்காற்று என்றால் ஒரு கிறக்கம். பிள்ளைகள் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். அவிநாசியைச் சுற்றி மனை விலை ஏறிவிட்டதால், இருப்பதை விற்றால் வேறெங்காவது வீடும் வாங்கிக் கையில் கொஞ்சம் மிச்சமும் வைக்கலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். எந்தக் கடலுக்குப் போவது என்பதுதான் கேள்வி.

முதலில் பணம். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய்தான். அதை வைத்து எந்த ஊரிலும் வாழ முடியாது. வீடு, மனை விற்ற காசில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் உச்சவரம்பான 30 லட்சத்தைப் போட முடிந்தவருக்கு, 8.2 சதவீத வட்டியில் காலாண்டுக்கு 61,500 ரூபாய் வரும். மாதத்துக்கு 20,500. வாடகை, மருந்து, மளிகை, மின்கட்டணம் எல்லாம் இதற்குள் அடங்கும் ஊரைத்தான் 'கட்டுப்படியாகும் ஊர்' என்று சொல்லலாம்.

மேற்கு முனையிலிருந்து தொடங்குவோம்.

எர்ணாகுளத்துக்கு ரயில் வந்த கதையே பணத்தின் கதைதான். ஷொர்ணூரிலிருந்து பாதை போட கொச்சி மன்னர் ராமவர்மா திருப்பூணித்துறைக் கோயிலின் தங்க நெற்றிப்பட்டங்களை விற்றார். 1902-ல் வண்டி ஓடியது. அன்று தொடங்கிய ஏற்றம் நிற்கவே இல்லை. 2017-ல் மெட்ரோ ரயில் வந்தது, 2023-ல் தீவுகளை இணைக்கும் வாட்டர் மெட்ரோ வந்தது. இடப்பள்ளி அமிர்தா போன்ற பெரிய மருத்துவமனைகள் நகரத்துக்குள்ளேயே இருக்கின்றன. வயதானவருக்கு வேண்டிய வசதிகளில் எதுவும் இங்கே குறைவில்லை. அதற்கேற்ற விலையும் உண்டு. காயலைப் பார்த்த அடுக்ககம் என்பது வளைகுடாப் பணத்துக்கும் மென்பொருள் சம்பளத்துக்கும் எழுதிவைத்த சொத்து. மாதம் இருபதாயிரத்துக் கணக்கு அங்கே வாடகையோடு தீர்ந்துவிடும்.

நீரோரம் மலிவாகக் கிடைக்கிறதே என்று பாய்கிறவர்கள் கொச்சியின் மரடு பகுதியை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறிக் கட்டப்பட்ட நான்கு அடுக்ககங்களை இடிக்கச் சொல்லி 2019 மே 8-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். நாடே தொலைக்காட்சியில் அதை வேடிக்கை பார்த்தது. அந்த வீடுகளை வாங்கியவர்களில் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டிய ஓய்வுபெற்றவர்களும் இருந்தார்கள். பத்திரம் பதிவாகியிருந்தது, வங்கிக் கடனும் கிடைத்திருந்தது. ஆனாலும் கட்டடம் நிற்கவில்லை.

கொச்சிக்குத் தெற்கே செல்லானம் என்ற மீனவக் கிராமம் இருக்கிறது. அங்கே வீடு சல்லிசாகக் கிடைக்கலாம். கடல் ஆண்டுதோறும் வாசலுக்கு வந்ததால், 2017 ஒக்கிப் புயலிலும் 2021 டவ்தே புயலிலும் பட்ட பாட்டுக்குப் பிறகு, கான்கிரீட் டெட்ராபாடுகளை அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். மேற்குக் கடற்கரையில் மலிவாக இருக்கும் இடங்களில் பலவும் இப்படி ஏதாவது ஒரு காரணத்தால்தான் மலிவாக இருக்கின்றன. கொச்சியின் ஆண்டு மழை சுமார் 3,000 மில்லிமீட்டர். அவிநாசிக்காரர் இரண்டு மூன்று ஆடி மாதம் அங்கே இருந்து பார்த்தால், வெயிலுக்கு ஏங்கி ஊர் திரும்பிவிடுவார் என்பது இந்தக் கட்டுரையின் சந்தேகம்.

ஆலுவா, திருச்சூர் தாண்டி, பாரதப்புழையை ஒட்டி வந்து பாலக்காட்டுக் கணவாயில் வண்டி நுழைகிறது. வாளையாறு தாண்டியதும் பேச்சு தமிழுக்கு மாறும். வயதான காலத்தில் இது சின்ன விஷயமல்ல. மருத்துவரிடம் "நெஞ்சு கரிக்குதுங்க" என்று சொல்வதற்கும் "நெஞ்சு வலிக்குதுங்க" என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் மொழிபெயர்ப்பில் தொலைந்துவிடக் கூடாது.

கோயம்புத்தூரில் ஒரு வேடிக்கை. கொங்கு மனிதர் கடலைத் தேடிப் புறப்படும் அதே நேரத்தில் சென்னை, மும்பையிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் முதியவர்கள் இந்த ஊரைத் தேடி வந்துகொண்டிருக்கிறார்கள். வடவள்ளி, தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஓய்வுகாலக் குடியிருப்புகள் முளைத்துவிட்டன. சிறுவாணித் தண்ணீர், மிதமான வெயில், அடுத்தடுத்து மருத்துவமனைகள் என்று அவர்கள் சொல்லும் காரணங்கள் எல்லாம் நியாயமானவை. கடல் மட்டும்தான் இல்லை. அந்த ஒன்றுக்காக மற்றதையெல்லாம் விட்டுப் போகலாமா என்று திருப்பூர் வருவதற்குள் ஒருமுறை யோசித்துக்கொள்வது நல்லது. அவிநாசியிலேயே நிலைமை மாறியிருக்கிறது. அறுபது ஆண்டுக்கு மேல் கேட்டுக் கேட்டு அலுத்த அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கியது. 1,916 கோடி ரூபாய் செலவில் 1,045 நீர்நிலைகளுக்குப் பவானி ஆற்றின் உபரிநீர் போகும்படி ஏற்பாடு. தண்ணீர் இல்லையென்று ஊரை விட்ட தலைமுறை போய், தண்ணீர் வந்த பிறகு கடலுக்காக ஊரை விடும் தலைமுறை வந்திருக்கிறது.

இந்த வண்டி எந்தப் பக்கம் போனாலும் திருப்பூரை இரவில்தான் கடக்கிறது. மூட்டுவலிக்காரருக்கு நடைமேடைக் காத்திருப்பு ஒரு தண்டனை. ரயில் கட்டணத்தில் ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதமாக இருந்த மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் கொரோனாவைக் காட்டி நிறுத்தப்பட்டது. கொரோனா போயும் அது திரும்பவில்லை. மாதம் ஒரு தடவை பேரன் பேத்தியைப் பார்க்க வந்து போகலாம் என்று நினைப்பவர்கள் முழுக் கட்டணத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஈரோட்டில் திரும்பி, காவிரியை ஒட்டிக்கொண்டு கொடுமுடி, கரூர் என்று வண்டி இறங்குகிறது. கொங்கு நாட்டின் பாடல் பெற்ற தலங்கள் ஏழு. சுந்தரர் முதலையுண்ட பாலகனை மீட்டதாகச் சொல்லும் அவிநாசி அதில் ஒன்று, கொடுமுடியும் கரூரும் வேறு இரண்டு. சோழநாட்டுக் கணக்கு 190. கோயில் குளம் என்று கிளம்பும் கொங்கு முதியவருக்கு இந்தப் பாதை ஏற்கெனவே பாதி தெரிந்ததுதான். கரூருக்கு முன்னால் நொய்யல் காவிரியில் கலக்கிறது. திருப்பூரின் சாயக்கழிவு பல ஆண்டுகள் இந்த வழியாகத்தான் கீழே போனது. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் ஊர் விழித்தது. டெல்டாவில் குடியேறப் போகும் பனியன் ஊர்க்காரர் அங்குள்ள விவசாயியிடம் இதைப் பற்றிப் பேச்செடுக்காமல் இருப்பது உத்தமம்.

திருச்சியிலிருந்து பாதை பழமையானது. 1861-ல் மேற்கே பேப்பூரிலிருந்து திரூருக்கு ரயில் ஓடத் தொடங்கிய அதே ஆண்டில் கிழக்கே நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கும் ஓடத் தொடங்கியது. மறு ஆண்டே அது திருச்சியை எட்டியது. பிறகு நாகப்பட்டினம் மெல்லத் தன் துறைமுகப் பெருமையை இழந்தது. இன்று அங்கே வாடகை குறைவாக இருப்பதற்கு அந்த வீழ்ச்சிக்கும் பங்குண்டு. பெரிய தொழில் இல்லை, இளைஞர்கள் தங்குவதில்லை, அதனால் வீடுகள் காலியாகின்றன. ஓய்வுபெற்றவருக்கு இது சாதகம்தான், ஆனால் அவசரத்துக்குக் கைகொடுக்கும் இளம் அக்கம்பக்கம் குறைவு என்பதையும் சேர்த்தே வாங்குகிறார்.

நாகையில் முதலில் பேச வேண்டியது 2004 டிசம்பர் 26. தமிழ்நாட்டில் சுனாமி அதிக உயிர்களைக் கொண்டுபோனது இந்த மாவட்டத்தில்தான், ஆறாயிரத்துக்கு மேல். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், தென்னை, மின்கம்பம், கூரை எதையும் மிச்சம் வைக்கவில்லை. பல கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. இன்சுலினைக் குளிர்பெட்டியில் வைத்திருப்பவருக்கு இது வெறும் செய்தியல்ல. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டிவிடுகிறது.

"அங்கெல்லாம் உப்புத் தண்ணிங்க" என்று கொங்கில் சொல்வது பெரும்பாலும் சரி. கடலோரத்தில் போர் போட்டால் பல இடங்களில் உவர்தான் வரும். குடிநீர் கொள்ளிடத்திலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருகிறது. குழாய் வராத நாளில் கேன் தண்ணீர்தான். உப்புக்காற்று வீட்டையும் தின்னும். ஜன்னல் கம்பி, கதவுக் கீல், மின்விசிறி, ஏசியின் வெளிப்பெட்டி எல்லாம் உள்நாட்டில் உழைக்கும் காலத்தில் பாதிகூட உழைக்காது. கடலோர வீட்டின் பராமரிப்புச் செலவை வாங்கும்போது விற்பவர் எவரும் சொல்வதில்லை.

மருத்துவம் முன்பைவிடத் தேவலாம். திருவாரூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2010 முதல் இருக்கிறது. நாகைக்கு 2022-ல் கல்லூரி வந்தது. ஆனால் அது நகரத்துக்கு வெளியே ஒரத்தூரில் இருக்கிறது, ஆட்டோ கட்டணத்தைக் கேட்டுவிட்டு வீடு பார்க்க வேண்டும். எழுபது வயதானவர்களுக்கு வருமான வரம்பு பாராமல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை காப்பீடு தரும் மத்திய அரசின் ஏற்பாடு 2024 அக்டோபரில் தொடங்கியிருக்கிறது. நெஞ்சுவலி வந்தால் காப்பீட்டு அட்டையைவிட எத்தனை நிமிடத்தில் மருத்துவமனை போய்ச் சேர்கிறோம் என்பதுதான் முக்கியம்.

நாகூரில் வண்டி நின்று கிளம்பிச் சற்று நேரத்தில் தமிழ்நாடு முடிந்து காரைக்கால் தொடங்குகிறது. 1954 நவம்பர் வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த ஊர், இன்று புதுச்சேரியின் ஒரு மாவட்டம். நாகூரிலிருந்து இந்தக் கடைசிப் பத்துக் கிலோமீட்டருக்கு ரயில் 2011 டிசம்பரில்தான் வந்தது. காரைக்கால் அம்மையாரின் ஊர், மாங்கனித் திருவிழாவின் ஊர், பக்கத்திலேயே சனிபகவானின் திருநள்ளாறு. அரசலாறு கடலில் சேரும் இடத்தருகே அகலமான கடற்கரை. கொச்சியோடு ஒப்பிட்டால் வாடகை வெகு குறைவு, மாலை நடைக்கு வாகனத் தொல்லையும் இல்லை. ஜிப்மரின் கிளை 2016-லிருந்து இயங்குகிறது. ஆனால் பெரிய இதய அறுவை என்றால் புதுச்சேரிக்கோ தஞ்சாவூருக்கோ போக வேண்டியிருக்கும். தஞ்சாவூர் நூறு கிலோமீட்டரை நெருங்கும் தொலைவு.

எல்லைக்கோடு ரேஷன் அட்டையையும் வெட்டுகிறது. தமிழ்நாட்டு ரேஷன் அட்டையும் முதலமைச்சர் காப்பீடும் முதியோர் உதவித்தொகையும் காரைக்கால் முகவரியோடு ஒத்துப்போகாது. பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து நகரப் பேருந்தில் கிடைக்கும் இலவசப் பயணமும் தமிழ்நாட்டு அரசின் ஏற்பாடுதான். மாதம் ஆயிரம் இரண்டாயிரத்தில் நிற்கும் குடும்பத்துக்கு நாகூருக்கும் காரைக்காலுக்கும் இடையே உள்ள தூரம் பத்துக் கிலோமீட்டரைவிட அதிகம்.

வாங்குவதென்று முடிவெடுத்தால் இன்னொரு செலவும் உண்டு. தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2 சதவீதம். கேரளத்தில் 8-ம் 2-ம். 2025 ஏப்ரலிலிருந்து 10 லட்சத்துக்குள் மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் தமிழ்நாட்டில் பதிவுக்கட்டணம் ஒரு சதவீதம் குறைகிறது. நாகைப் பக்கம் அந்த விலைக்குள் இடம் தேட முடியும், கொச்சிப் பக்கம் கனவு காணலாம். கடலைத் தொட்டாற்போல் மனை காட்டுகிறவரிடம் ஒன்றைக் கேட்க வேண்டும்: 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையில் இந்த சர்வே எண் எந்த வகையில் வருகிறது? மக்கள் அடர்த்தி குறைந்த கிராமக் கரைகளில் உயர்அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர்வரை புதுக் கட்டடம் கூடாது, அடர்த்தி அதிகமான கிராமங்களில் 50 மீட்டர். தரகர் சிரித்து மழுப்பினால் கிளம்பிவிடலாம்.

ஆக, இருபதாயிரத்துக் கணக்கோடு புறப்படும் அவிநாசிக்காரருக்குக் கிழக்கு முனைதான் கட்டுப்படியாகும். அதிலும் கரையோரம் வேண்டாம். நாகப்பட்டினத்துக்கும் திருவாரூருக்கும் இடையே பாதையை ஒட்டி, கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருப்பது சரி. அலைச்சத்தம் கேட்காது, ஆனால் மாலையில் பேருந்தேறிப் போய்க் காற்று வாங்கிவிட்டு வரலாம். திருவாரூர் மருத்துவமனையும் எட்டும் தூரத்தில் இருக்கும்.

அதையும் உடனே கிரயம் பேச வேண்டாம். அவிநாசி வீட்டைப் பூட்டி வையுங்கள், விற்காதீர்கள். ஐப்பசி பிறக்கும் முன் பதினோரு மாத வாடகைக்கு ஒரு வீடு பிடியுங்கள். அடைமழை, புயல் எச்சரிக்கை, மின்வெட்டு எல்லாம் ஒரு சுற்று பார்த்து முடித்துத் தைப் பொங்கலும் அங்கேயே வைத்த பிறகு, பத்திரப் பதிவைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.