நெடுந்தீவு கண்டோம்

1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், அதனைச் சூழ்ந்த தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. அனலைதீவு ரொட்டர்டாம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்ஃப்ற் ஆயிற்று. ஏனைய பெயர்கள் வழக்கொழிந்தன. டெல்ஃப்ற் ஒன்று மட்டும் ஆங்கில ஏடுகளில் இன்றும் நின்று நிலவுகிறது. ஆண்டுதோறும் இதனைக் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்கும் நாம் திருநெல்வேலியிற் பிறந்து வளர்ந்தவர்கள். வீட்டு வாயிலிலிருந்து அத்தீவு அரைநாட் பயணம். ஆயினும் நாற்பது வயது கடந்தும் அங்கே நம் கால் பட்டதில்லை. சொல்லவும் வெட்கமே.

சென்ற ஆவணி விடுமுறையில், மூன்று நாள் தங்கி வருவதாகத் திட்டமிட்டு, இல்லாளுடனும் மகளுடனும் புறப்பட்டோம். யாழ்நகரில் பஸ் ஏறிப் பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகாட்டுவான் இறங்குதுறையை அடைந்தோம். அங்கிருந்து ஒரு மணி நேரக் கடற்பயணம். சோழகக் காற்று வீசும் காலமாதலின் படகு ஏறியும் இறங்கியும் சென்றது. இல்லாள் கண்களை மூடிக்கொண்டு நயினை நாகபூஷணி அம்மனை வேண்டியபடியே வந்தாள். மகளோ அலை தெறிக்குந்தோறும் கைகொட்டினாள்.

மாவிலித்துறையிற் கரையேறியதும் நம் கண்ணிற் பட்டது குமுதினிப் படகின் நினைவுச் சின்னம். 1985 மே 15ஆம் நாள், இத்துறையிலிருந்து புறப்பட்ட அப்படகை நடுக்கடலில் மறித்து ஏறிய கடற்படையினர், பயணிகளை வெட்டிக் கொன்றனர். மாண்டோர் முப்பதுக்கு மேற்பட்டோர் என்பர் ஊரவர். அவருள் ஏழு மாதக் குழந்தையும் ஒன்று. மகள் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்து முடிக்கும்வரை காத்து நின்றோம்.

நம்மூரில் வேலியென்றால் கதியாலும் கிடுகும். இங்கோ வேலியெல்லாம் முருகைக்கல். சாந்து பூசாமல், கல்லின்மேற் கல்லாக அடுக்கிய மதில்கள் காணி தோறும் நீண்டு கிடக்கின்றன. காற்று இடுக்குகளினூடே புகுந்து செல்வதாற் போலும், சோழகத்திற்கும் அவை சாய்வதில்லை. ஆபிரிக்க நாட்டுக்குரிய பெருக்கு மரம் ஒன்றும் இங்குண்டு. அராபிய வணிகர் கொணர்ந்தது என்பர். அதன் அடிமரத்துப் பொந்தினுள் நாம் மூவரும் நுழைந்து நின்றும் இடம் மிகுந்திருந்தது. கோட்டையின் இடிபாட்டையும் பழைய புறாக்கூட்டையும் பார்த்தோம். அவற்றைப் பற்றி நூல்களிற் படித்துக்கொள்ளலாம்.

மனத்தை விட்டகலாதவை மட்டக்குதிரைகளே. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை இவை என்பர். இன்று உடையவர் இன்றி வெளியில் அலைகின்றன. இவற்றின் மேய்ச்சல் நிலம் 2015இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கடுங்கோடையாதலால் புல் கருகிக் கிடந்தது. வற்றிய தொட்டியொன்றைச் சுற்றி விலா எலும்பு தெரிய நின்ற அவை, நாம் அண்மித்தும் ஓடவில்லை. போத்தலில் எஞ்சியிருந்த நீரை மகள் அத்தொட்டியில் ஊற்றினாள். ஒரு குதிரைக்கும் போதாத நீர்.

நான்காம் நாட் காலை மூட்டைமுடிச்சுடன் துறைக்குச் சென்றோம். மறுநாள் கல்லூரி தொடங்குகிறது. துறையிலிருந்த முதியவர் ஒருவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாஸ்ரர், இண்டைக்குப் படகு ஓடாது. கடல் கூடாது."

"நாளைக்குக் கட்டாயம் போகவேணும் ஐயா. பள்ளிக்கூடம்."

"அது கடலுக்குத் தெரியுமோ?"

இவ்விடத்தில் ஒன்றை மறைக்க மனம் ஒப்பவில்லை. ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் நெடுந்தீவு மாணவன் ஒருவன் இருந்தான். உறவினர் வீட்டில் தங்கிப் படித்தவன். ஊருக்குச் சென்றால் திங்கட்கிழமை வரமாட்டான். செவ்வாயன்று வந்து, "கடல், சேர்" என்பான். வேறொரு சொல்லும் சொல்லத் தெரியாதவன். பொய்யென்றே எண்ணி, ஒருநாள் முற்பகல் முழுவதும் அவனை வகுப்பின் வெளியே நிறுத்தினோம். அதன்பின் அவன் ஊருக்குப் போவதையே குறைத்துக்கொண்டான் என்று பின்னர் அறிந்தோம்.

முதியவரிடம் அவனுடைய பெயரைச் சொல்லி விசாரித்தோம்.

"அவன் கனடாவிலை. தாய் செத்ததுக்கும் வரேல்லை. வீடு உந்தா, பூட்டிக் கிடக்குது."

அவர் காட்டிய திசையிற் சென்று பார்த்தோம். கூரையின் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. படலை கயிற்றாற் கட்டப்பட்டிருந்தது. முருகைக்கல் மதிலிலோ ஒரு கல்லும் பெயரவில்லை.

அன்றும் மறுநாளும் காற்று ஓயவில்லை. தங்கியிருந்த வீட்டார் ஒடியற் கூழ் காய்ச்சி உபசரித்தனர். அத்தகைய கூழை நம் வாழ்நாளில் அருந்தியதில்லை. எனினும் நெஞ்சிற் சுவை இறங்கவில்லை. அதற்கடுத்த நாட் காலையிலேதான் படகு வந்தது.

ஒரு நாள் பிந்திக் கல்லூரிக்குச் சென்றோம். விடுமுறைப் பத்திரத்திற் காரணம் என்றிருந்த இடத்தில் 'கடல்' என்று எழுதிக் கொடுத்தோம். அதிபர் மூக்குக்கண்ணாடியை உயர்த்தி ஒருமுறை நம்மைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேளாமற் கையொப்பமிட்டார்.