சாட்டியில் பொழுதுபடும் நேரம்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து தீவகம் செல்லும் வீதியில் அல்லைப்பிட்டி, மண்கும்பான் ஆகிய ஊர்களைத் தாண்டிச் சென்றால் சாட்டி. வேலணைத் தீவின் தென்கரையில் வெண்மணல் பரந்த இடம். விடுமுறை நாட்களில் பகல் முழுவதும் சனம் நிறைந்திருக்கும். ஆனால் பொழுது சாயத் தொடங்கியதும் பெண்கள் நாங்கள்தான் முதலில் பைகளைத் தூக்கிக்கொண்டு எழும்புவோம். "இருட்டுப்படுகுது, வெளிக்கிடுங்கோ" என்ற சொல் எங்கள் வாயில் பழகிவிட்டது.

என் சிறு வயதில் அப்படியிருக்கவில்லை. சாட்டியின் மணலுக்குள் நல்ல தண்ணீர் இருக்கிறது. மழைநீர் மணலில் ஊறி, கீழேயுள்ள உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. அதனால்தான் கடலுக்கு இவ்வளவு கிட்டவும் கிணறுகள் இனிக்கின்றன. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறிவிடும். வெயில் தாழ்ந்ததும் அம்மாவும் அயலட்டைப் பெண்களும் குடங்களுடன் தண்ணீருக்குப் போவார்கள். கதைத்துச் சிரித்து, மம்மல் பொழுதில் திரும்பி வந்து, விளக்கேற்றுவார்கள். அந்த நேரம் பெண்களின் நேரமாகவே இருந்தது.

பின்னர் அந்த நேரமே பயத்தின் நேரமாயிற்று. 1990, 1991ஆம் ஆண்டுகளில் நடந்த படை நடவடிக்கைகளால் தீவக மக்களில் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தோம். குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக்குள் திரி செருகி எரித்த விளக்கை யார்தான் மறந்திருப்போம்? 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் மழையில் நடந்ததும் இருட்டில்தான். 2006 மே 13 இரவு அல்லைப்பிட்டியில் ஒரு வீட்டுக்குள் இருந்தவர்கள் கைக்குழந்தை உட்படக் கொல்லப்பட்டார்கள். பொழுதுபட்டால் கதவைச் சாத்துவதும், வெளியே போனவரின் காலடிக்குக் காது கொடுத்திருப்பதுமே எங்கள் மாலைகளாயின. அப்படி ஒருவருக்காகக் காத்திருந்த மாலைகள் எனக்கும் உண்டு. அவர் வரவில்லை.

இதனாலேயே, சென்ற தை மாதக் கடைசியில் எங்கள் மாதர் சங்கத்திலிருந்து 11 பேர் ஒரு வானில் சாட்டிக்குப் போனபோது, இருட்டும்வரை இருந்து பார்த்துவிட்டே வருவது என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டோம்.

அந்த நாட்களில் சூரியன் 6.13 மணியளவில் மறையும். ஆடியில் 6.35 வரை நிற்கும். கார்த்திகையில் ஆறு மணிக்கு முன்னரே போய்விடும். மறையும் இடமும் மாறும். மழைக்காலத்திலும் அதை ஒட்டிய மாதங்களிலும் தெற்கே விலகிப் புங்குடுதீவுப் பக்கமாகக் கடலோடு இறங்கும். ஆனி, ஆடியில் வடக்கே ஒதுங்கித் தரைப்பக்கத்துப் பனைகளுக்குப் பின்னால் போய்விடும். கடலில் சூரியன் இறங்குவதைப் பார்க்க விரும்புவோருக்குத் தை, மாசி நல்லது. வானமும் தெளிந்திருக்கும்.

தாழ்ந்த சூரியனின் ஒளி அதிக தூரம் காற்றினூடாக வரவேண்டியிருக்கிறது. வழியில் நீலநிறம் சிதறிப்போகச் சிவப்பு மிஞ்சி எங்களை வந்தடைகிறது. செக்கல் வானத்தின் காரணம் இதுதான். வட்டம் கடலைத் தொட்டதிலிருந்து முழுதாக மறைய இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே எடுக்கும். நாங்கள் எல்லோரும் பேச்சை நிறுத்தினோம்.

மறைந்ததும் எழும்பிவிடாதீர்கள். கிழக்கே அல்லைப்பிட்டிப் பக்கம் திரும்பிப் பாருங்கள். அடிவானில் நீலச்சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை மெல்ல மேலேறும். அதன்மேல் இளஞ்சிவப்பாக இன்னொன்று. அந்தச் சாம்பல் பட்டை பூமியின் சொந்த நிழல். இரவு என்பது அதுதான் என்று எங்களுடன் வந்த ஆசிரியை விளக்கினார். "இவ்வளவு காலமும் இதுக்குத்தானோ பயந்தனாங்கள்?" என்று ஓர் அக்கா கேட்டார். எங்களில் மூத்தவரான ஆச்சி சொன்னார்: "உதுக்கில்லைப் பிள்ளை. உதுக்குள்ள வந்த ஆக்களுக்கு."

நோர்வேயில் இருக்கும் தங்கை, ஆனி மாதத்தில் ஒஸ்லோவில் இரவு 10.30 தாண்டியும் வெயில் இருக்கும் என்பாள். எங்கள் தேசத்தில் சூரியன் ஏறக்குறைய நேராகக் கீழிறங்குவதால் மம்மல் குறுகியது. இருபது நிமிடம் சொச்சத்தில் ஆட்களின் முகம் மங்கிவிடும். ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடினால் முழு இருட்டு. கடலில் வள்ளங்களின் வெளிச்சங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

சாட்டியின் இருட்டுக்கு வேறொரு கனமும் உண்டு. இங்கிருந்த துயிலுமில்லத்தின் கல்லறைகள் அழிக்கப்பட்டன. 2016இலிருந்து வடக்கில் இந்நினைவுகூரல் மீண்டும் வெளிப்படையாக நடக்கத் தொடங்கியது. சாட்டியிலும் நவம்பர் 27 மாலை 6.05க்கு மணி ஒலிக்க, தாய்மார் மம்மலில் தீபத்துடன் நிற்கிறார்கள். பிள்ளை எங்கே கிடக்கிறான் என்று தெரியாத தாயும், எந்தப் பக்கமும் சேராமல் எறிகணையில் இறந்த பிள்ளையின் தாயும் இதே நேரத்தில் எங்கோ ஒரு வீட்டில் விளக்கேற்றுகிறார்கள். கண்ணீரில் வேறுபாடு இல்லை.

வேலணைச் சாட்டியில் சிந்தாத்திரை மாதா கோயில் இருக்கிறது. கடற்பயணம் போவோருக்குத் துணையாக இருப்பவள் என்பது அந்த மாதாவின் பெயர்ப் பொருள். போனவர்கள் திரும்பி வரவேண்டும் என்று கரையில் நின்று மன்றாடியவர்கள் பெரும்பாலும் பெண்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

போக விரும்பும் சகோதரிகளுக்குச் சில சொற்கள். தனியே போகாமல் ஐந்தாறு பேராகச் சேர்ந்து போங்கள். பின்னேரம் நாலரைக்கு அங்கே நின்றால் போதும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முதலில் விசாரியுங்கள். வாகனம் பேசிப் போவது இன்னும் நல்லது. இருட்டியபின் கடலில் இறங்க வேண்டாம். கொண்டுபோன பொலித்தீனைத் திருப்பிக் கொண்டு வாருங்கள். அந்த மணல்தான் தீவகத்தின் குடிதண்ணீரைக் காக்கிறது. பெண்பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். இரவு என்றால் எங்கள் கதைகளை மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். நட்சத்திரம் எண்ணும் இரவும் இந்த ஊரில் இருக்கிறது என்பதை அவர்கள் தங்கள் கண்ணாலேயே காணட்டும்.