பல்லாவரம் சந்தையில் பெயர் தெரியாத பெட்டிகள்

திருநீர்மலைக்குப் போகிறவர்கள் வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் போனால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள், மலைமேல் அரங்கநாதர். சேவித்துவிட்டு, மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களைச் சற்று வேடிக்கை பார்த்து, நாகல்கேணி, குரோம்பேட்டை வழியாகப் பல்லாவரம் வந்தால் பழைய டிரங்க் ரோட்டில் வெள்ளிச் சந்தை.

செடி, புறா, கட்டில் எல்லாவற்றையும் தாண்டிப் போனேன். தார்ப்பாயில் பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்கள் குவிந்து கிடந்தன. பாதிக்குப் பெயரே இல்லை.

இதே பல்லாவரத்தில்தான் 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லைக் கையிலெடுத்து, இது மனிதன் செதுக்கிய கருவி என்று கண்டுகொண்டார். கல்லில் பெயரா பொறித்திருந்தது? செதுக்கிய தடத்தைப் பார்த்தார். ஸ்பீக்கருக்கும் அந்தப் பார்வைதான் வேண்டும்.

முதலில் தூக்கிப் பார்க்க வேண்டும். கனமான பெட்டி என்றால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். முன்பக்கத்தில் ‘400 வாட் பி.எம்.பி.ஓ.’ என்று ஸ்டிக்கர் பளபளக்கும். அதை அளக்கப் பொது விதியே கிடையாது. பின்பக்கத்தில் அடாப்டருக்கு 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று போட்டிருந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்: 12 வாட். அதிலும் ஒரு பங்கு சூடாகப் போய்விடும்.

வயதை, வயரின் முனையிலுள்ள பின் சொல்லும். கம்ப்யூட்டரில் ஒலி வெளிவரும் துளைக்கு இளம்பச்சை நிறம் என்று மைக்ரோசாஃப்டும் இன்டெல்லும் வகுத்தது தொண்ணூறுகளின் கடைசியில். பழுப்பேறிய வெள்ளைப் பெட்டியில் கறுப்புப் பின் இருந்தால் அதற்கும் முந்தையதாக இருக்கலாம். காந்தத்தின் பின்புறம் உலோகக் கிண்ணம் மூடியிருந்தால், டப்பா மானிட்டர் பக்கத்தில் வைக்கச் செய்தது. இல்லாவிட்டால் திரையின் ஓரத்தில் நிறம் கலங்கிவிடும்.

குவியலில் ஒரு ஆல்டெக் லான்சிங் ஜோடியும் இருந்தது. ஒரு காலத்தில் சினிமா தியேட்டர்களுக்கு ஸ்பீக்கர் செய்த பெயர், பிறகு டெல் கம்ப்யூட்டரோடு பிளாஸ்டிக் பெட்டியாக வந்தது. ஆசையாகத்தான் எடுத்தேன். கோனைச் சுற்றியிருந்த ஃபோம் விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. வைத்துவிட்டேன்.

பக்கத்திலேயே பெயரில்லாத கறுப்பு ஜோடி, செங்கல் கனம்.

“ஓடுமா அண்ணே?”

“போட்டுக் காட்ட லைன் இல்ல சார். பாடலேன்னா அடுத்த வெள்ளிக்கிழமை கொண்டாங்க.”

இந்த உத்தரவாதத்தைவிடப் பையிலிருந்த மல்டிமீட்டரை நம்பினேன். ஜோடியில் ஒன்றில்தான் ஆம்ப்ளிஃபையர். மற்றது வெறும் பெட்டி. அதன் வயரில் வைத்தால் மூன்றரை ஓம் காட்டியது. நாலு ஓம் ஸ்பீக்கருக்கு அது சரியான கணக்கு. காயில் அறுந்திருந்தால் மீட்டர் எதையும் காட்டாது. அதே வயரில் பென்சில் பேட்டரியை ஒரு நொடி தொட வைத்தேன். ‘டொக்’ என்று கோன் முன்னால் வந்தது, எங்கும் உரசவில்லை.

வால்யூம் மட்டும் கரகரவென்று திரும்பியது. அந்தக் கன்ட்ரோல் ரிச்சி தெருவில் சல்லிசாகக் கிடைக்கும். ஆனால் அதைக் காட்டித்தான் முந்நூறு ரூபாயை நூற்றெண்பதுக்கு இறக்கினேன்.

பணத்தை வாங்கிக்கொண்டபின் சொன்னார்: “ஆடியோ வயர் தனி சார். முப்பது ரூபா.”