பின்னால் நின்று தள்ளும் எஞ்சின்



இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயரில், பர்மிங்காமுக்குத் தென்மேற்கே, பிரம்ஸ்குரோவ் என்றொரு சிறிய நகரம் உண்டு. அந்நகரின் ரயில் நிலையத்தைப் பற்றி இவ்வாரம் எழுதுகிறேன். போதகர் ஒருவருக்கு ரயில் நிலையத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அந்நிலையத்தின் வரலாற்றில் ஒரு பகுதி தண்டவாளத்தின்மேல் இல்லை. ஊரிலுள்ள பரிசுத்த யோவான் ஸ்நானகன் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில், இரண்டு கற்களில் எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கற்களைக் கண்ட நாள்முதல் அவை என் நினைவைவிட்டு நீங்கவில்லை.

முதலில் அந்த மேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிலையத்தைவிட்டு வடக்கே பர்மிங்காம் நோக்கிப் புறப்படும் ரயில், நடைமேடையைக் கடந்தவுடனேயே ஏறத் தொடங்குகிறது. இரண்டு மைலுக்குச் சற்று அதிகமான அந்த ஏற்றத்துக்கு லிக்கி ஏற்றம் என்று பெயர். ஏறக்குறைய 38 அடி முன்னே சென்றால் ஓர் அடி மேலே ஏற வேண்டும். நடந்து போகிறவனுக்கு இது ஒரு பொருட்டல்ல. இரும்புத் தண்டவாளத்தின்மேல் இரும்புச் சக்கரத்தால் நூற்றுக்கணக்கான டன் எடையை இழுத்துச் செல்ல வேண்டியவனுக்கோ இது பெரிய மலை. பிரிட்டனின் முதன்மை ரயில் பாதைகளில் இவ்வளவு தூரம் இடைவிடாமல் ஏறும் பாதைகளுள் இதைவிடச் செங்குத்தானது வேறில்லை.

இப்படியொரு பாதையை ஏன் போட்டார்கள்? செலவு கருதித்தான். பர்மிங்காமையும் குளோஸ்டரையும் இணைக்கும் பாதைக்காக, புகழ்பெற்ற பொறியாளர் புரூனெல் இன்னும் கிழக்கே, சரிவு மிகக் குறைந்த ஒரு சுற்றுவழியை முன்பே ஆராய்ந்திருந்தார். பின்னர் பொறுப்பேற்ற கேப்டன் மூர்சம் என்பவர், செலவு குறைந்த நேர்வழியைத் தேர்ந்துகொண்டார். அந்நேர்வழியில் மேடு குறுக்கே நின்றது. நீராவி எஞ்சின் தன் சக்கரத்தின் பிடிப்பினாலேயே இதில் ஏறுமா என்று அக்காலத்து வல்லுநர் பலர் ஐயுற்றனர். மேட்டின் உச்சியில் நிலையான எஞ்சினை நிறுத்தி, கயிறு கட்டி இழுப்பதே முறை என்று கருதினர். மூர்சமோ அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நாரிஸ் என்பவர் செய்த எஞ்சின்கள் செங்குத்தான சரிவுகளில் ஏறுவதை அறிந்து, அவற்றைக் கடல் கடந்து வரவழைத்தார். அவை ஏறின. 1840ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் தெற்கேயிருந்து பிரம்ஸ்குரோவ் வரைக்கும், செப்டம்பர் 17ஆம் நாள் மேட்டின்மேலும் பாதை திறக்கப்பட்டது.

இரண்டு மாதம் நிறையுமுன்னே அந்தத் துயரம் நேர்ந்தது. நவம்பர் 10, செவ்வாய்க்கிழமை. பிரம்ஸ்குரோவ் நிலையத்திலேயே ஓர் எஞ்சினின் கொதிகலன் வெடித்தது. அது டாக்டர் சர்ச் என்பவர் வடிவமைத்த எஞ்சின். அருகிலிருந்த தாமஸ் ஸ்கேஃப் அந்த இடத்திலேயே மாண்டார். அவருக்கு வயது 28. ஜோசப் ரூதர்ஃபோர்ட் மறுநாள் உயிர் நீத்தார். அவருக்கு வயது 32. இருவரும் அந்த ரயில் நிறுவனத்தின் எஞ்சின் பொறியாளர்கள்.

ரூதர்ஃபோர்டின் கல்லை அவருடைய விதவை மனைவி 1841ஆம் ஆண்டில் நாட்டினார். ஸ்கேஃபின் கல்லை அவரோடு வேலை செய்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பணம் சேர்த்து, 1842ஆம் ஆண்டில் எழுப்பினார்கள். ஆண்டை மறுபடியும் பாருங்கள். மரணம் 1840இல், கல் 1842இல். அடக்கம் முடிந்த வாரத்தில் கண்ணீரோடு காசு கொடுப்பது எளிது. மூன்றாம் மாதத்தில் அது குறையும். ஓராண்டு கழிந்தபின் பேச்சே நின்றுவிடும். எத்தனையோ அடக்க ஆராதனைகளை நடத்தியவன் என்கிற முறையில் இதை நான் அறிவேன். அந்தத் தொழிலாளர்களோ, அன்றாடம் அதே நிலையத்துக்கு வந்து, வெடிப்பு நேர்ந்த அதே இடத்தைக் கடந்து, அதே வகையான வேலையைச் செய்துகொண்டே, இறந்த தோழனுக்காகக் கூலியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லுக்குமுன் நின்றபோது, ஸ்கேஃபைவிட அவர்களைத்தான் நான் அதிகம் நினைத்தேன். கொடுத்தவர் ஒருவருடைய பெயரும் அதில் இல்லை.

கற்கள் இரண்டிலும் எஞ்சின் உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது. அதிலே ஒரு வியப்பு உண்டு. செதுக்கப்பட்டிருப்பவை அமெரிக்காவிலிருந்து வந்த நாரிஸ் எஞ்சின்கள். வெடித்ததோ நாரிஸ் எஞ்சின் அல்ல. ரயில் வரலாற்று ஆர்வலர்கள் இதைச் சிற்பியின் பிழையாகச் சுட்டுவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு மனிதனை எது கொன்றதோ அதை அவன் தலைமாட்டில் செதுக்கிவைக்க யாருக்கு மனம் வரும்? மேடேறிய எஞ்சினையே அவ்வூரார் அறிந்திருந்தார்கள். அதையே செதுக்கச் சொல்லியிருப்பார்கள் என்று எண்ணுவதில் தவறில்லை.

ஸ்கேஃபின் கல்லில் ஒரு செய்யுளும் இருக்கிறது. அது முழுவதும் ரயில் மொழியில் அமைந்தது: உடலை எஞ்சினாகவும், மரணத்தை அணைந்துபோன நெருப்பாகவும், வாழ்வை ரயில் பாதையாகவும் உருவகித்துப் பேசுவது. இத்தகைய செய்யுள் கல்லறைக்குத் தகாது, விளையாட்டுத்தனம் என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. நான் அவர்கள் பக்கம் இல்லை. வலை வீசினவர்களுக்கு வலையைக் கொண்டும், விதைத்தவர்களுக்கு விதையைக் கொண்டும் பரலோக ராஜ்யம் உணர்த்தப்பட்டதே. கரியையும் நீராவியையும் அறிந்தவர்கள் தங்கள் நம்பிக்கையை வேறு எந்தச் சொற்களால் சொல்வார்கள்?

இனி அந்த நிலையத்தின் ஊழியத்துக்கு வருகிறேன். ஊழியம் என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதுகிறேன்.

ரயில்கள் கனத்துக்கொண்டே போக, முன்னே இழுக்கும் ஓர் எஞ்சின் போதாமற்போயிற்று. பின்னாலிருந்து தள்ளும் எஞ்சின்கள் பிரம்ஸ்குரோவில் எந்நேரமும் நெருப்பு அணையாமல் காத்திருந்தன. பேங்கர் என்று ரயில்காரர்கள் அதை அழைப்பார்கள். அது வேலை செய்யும் விதம் கவனிக்கத்தக்கது. ரயில் வந்து நிற்கும். பேங்கர் மெல்ல ஊர்ந்து வந்து கடைசிப் பெட்டியின் பஃபரைத் தொடும். கொக்கி போட்டு இணைக்க மாட்டார்கள். தொட்டுக்கொண்டு மட்டும் நிற்கும். முன்னும் பின்னும் விசில் ஒலி பரிமாறப்படும். பிறகு இரண்டும் ஒன்றாக முயன்று ஏறும். மேட்டின் உச்சியிலுள்ள பிளாக்வெல் என்னுமிடத்தில் பேங்கர் தன் வேகத்தைத் தணிக்கும். ரயில் நிற்காமலே விலகிப் போய்விடும். தள்ளிய எஞ்சின் தனியே கீழிறங்கி, அடுத்த ரயிலுக்காகக் காத்திருக்கும். கொக்கி இல்லாததால் விடைபெறவும் அதற்கு வேலையில்லை.

இந்தப் பணிக்கென்றே 1919ஆம் ஆண்டில் டெர்பி பட்டறையில் ஒரு பெரிய எஞ்சினைக் கட்டினார்கள். பத்துச் சக்கரங்களும் உந்தும் சக்கரங்களே. அதைப் போல் இன்னொன்று கட்டப்படவில்லை. தொழிலாளர்கள் அதை பிக் பெர்த்தா என்று செல்லமாக அழைத்தார்கள். இரவில் முன்னே நிற்கும் கடைசிப் பெட்டியை இடித்துவிடாமல் மென்மையாகத் தொடுவதற்காக, அதன் முகப்பில் ஒரு விளக்கைப் பொருத்தியிருந்தார்கள். இவ்வளவு பெரிய எஞ்சினுக்கு வழிகாட்ட அல்ல, இடிக்காமல் தொடுவதற்காக ஒரு விளக்கு! உதவி செய்யப் போகிற நாம் எத்தனை பேர் அந்த விளக்கு இல்லாமல் போகிறோம்! 1956இல் ஓய்வு பெறும்வரை 37 ஆண்டுகள் அதன் வேலை அந்த இரண்டு மைல்தான். எந்தப் பயணியையும் எந்த ஊருக்கும் அது கொண்டுபோய்ச் சேர்த்ததில்லை. மோசேயின் கைகளைத் தாங்கிப் பிடித்த ஆரோனையும் ஊரையும் நினைக்கும்போதெல்லாம் இப்போது எனக்கு அதன் உருவமும் கூடவே வருகிறது.

ஏறுவதைப் பற்றியே சொன்னேன். இறங்குவது இன்னும் ஆபத்து. சரக்கு ரயில்களை பிளாக்வெல்லில் நிறுத்தி, ஆட்கள் பெட்டி பெட்டியாக நடந்து சென்று பிரேக்குகளைக் கைகளால் அழுத்திப் பூட்டிய பிறகே சரிவில் இறங்கவிட்டார்கள். மழையிலும் பனியிலும் செய்யப்பட்ட வேலை அது. அது சரியாக நடந்த நாளில் சொல்வதற்கு ஒரு செய்தியும் இருக்காது.

அவ்வூரார் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேறு பல உண்டு. லண்டன் பக்கிங்காம் அரண்மனையின் வாயிற்கதவுகள் இவ்வூர்க் கைவினைஞர் கூட்டத்தின் பட்டறையில் செய்யப்பட்டவை. கவிஞர் ஹவுஸ்மன் பிறந்ததும் இவ்வூர்ப் பக்கத்தில்தான். நிலையத்துக்கு அந்தப் பெருமை வாய்க்கவில்லை. 1960களின் இறுதியில் பழைய கட்டடம் இடிக்கப்பட்டது. 1990 வரைக்கும் ஒரே நடைமேடையோடு அது காலம் தள்ளியது. 2016ஆம் ஆண்டு ஜூலையில், பழைய இடத்துக்குச் சற்றுத் தெற்கே, நான்கு நடைமேடைகளும் மின்தூக்கிகள் கொண்ட நடைமேம்பாலமுமாகப் புதிய நிலையம் திறக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் மின்சார ரயில்கள் ஓடத் தொடங்கின. பர்மிங்காம் வழியாக லிச்ஃபீல்டு வரைக்கும் இப்போது மாறாமலே போகலாம். வூஸ்டர், ஹெர்ஃபோர்டு செல்லும் ரயில்களும் அங்கே நிற்கின்றன. சக்கர நாற்காலியில் வருகிறவரும் குழந்தை வண்டியோடு வருகிற தாயும் பிறர் கையை எதிர்பாராமல் எந்த நடைமேடைக்கும் செல்ல முடிகிறது. பழைய நிலையத்தைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

நான் பர்மிங்காமிலிருந்து அந்த மின்சார ரயிலில்தான் போனேன். பிளாக்வெல் கடந்து சரிவில் இறங்கும்போது பெட்டியில் ஒருவரும் சன்னல் பக்கம் திரும்பவில்லை. கைப்பேசியும் செய்தித்தாளும் அவர்களுக்குப் போதுமாயிருந்தன. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மேடு ஒன்று இருப்பதே தெரியாமல் பயணம் செய்ய வேண்டும் என்பதற்காகத்தானே அத்தனை பேர் உழைத்தார்கள்.

இக்காலத்திலும் கனத்த சரக்கு ரயில் வந்தால், டீசல் பேங்கர் ஒன்று பக்கத் தடத்திலிருந்து வெளியே வந்து, அதே மேட்டில், அதே விதமாகப் பின்னால் சேர்ந்து தள்ளுகிறது. ஆலயம் நிலையத்திலிருந்து ஒரு மைலுக்கு மேல், ஊரின் நடுவே உயர்ந்த இடத்தில் இருக்கிறது. நடந்தே போகலாம். கற்கள் இரண்டும் அருகருகே நிற்கின்றன.