பூந்தோட்டம்னு சொன்னா முடிஞ்சுதா?

நேபாளம்னாலே 'பல வண்ணப் பூந்தோட்டம்'னு ஆரம்பிச்சிடறோம். 2021 கணக்கெடுப்பில் 142 சாதி, இனக்குழுக்கள், 124 மொழிகள், அழகுதான். ஆனா அந்தத் தோட்டத்துக்கு வரிசை போட்டது 1854-ல் பிரதமர் ஜங் பகதூர் ராணா கொண்டுவந்த முலுகி ஐன்கிற சட்டத் தொகுப்பு. பூணூல்காரர் மேலே, தலித் அடியிலே. தராய்ச் சமவெளியின் தாரு பழங்குடியைக்கூட 'அடிமையாக்கக்கூடிய குடிகாரர்'னு சட்டத்துலயே எழுதி வெச்சாங்க.

'அதான் அந்தச் சாதி வரிசையை 1963-லேயே தூக்கியாச்சே' என்பீங்க. காகிதத்துல தூக்கினாங்க. 2020-ல் மேற்கு ருகுமில், வேறு சாதிக் காதலியைத் தேடிப் போன தலித் இளைஞனோட சேர்த்து ஆறு பேரைக் கொன்னாங்க. 'சாதியைப் பேசினா நாடு உடையும்'கிறதும் பழைய பாட்டு. பேசவிடாத, மன்னர் கையிலிருந்த 'பஞ்சாயத்து' ஆட்சி போய் ஆறே வருஷத்துல உள்நாட்டுப் போர் வந்துச்சே!



இதுவரை ஒரு தலித்கூட அங்கே பிரதமராகல. எப்போ ஆவாங்க?