குளிர்ந்தால் உண்மை சொல்லும் சாட்சி

அரபு மத்ரஸாவில் ஓதி, அரபும் தமிழும் கற்பித்துக் காலங்கழிப்பவனுக்கு மோட்டார் வண்டியைப் பற்றி எழுத என்ன உரிமை என்று வாசகர்கள் வினவக்கூடும். கோவையில் வாழ்பவனுக்கு அவ்வுரிமை பிறப்பிலேயே வந்துவிடுகிறது என்பதே என் மறுமொழி. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தை ஓட்டித் தொழில் தொடங்கிய ஜி. டி. நாயுடுவின் ஊர் இது. இந்தியாவின் முதல் மின்மோட்டார் 1937இல் உருப்பெற்றதும் இங்கேதான். காயில், வைண்டிங், ஆர்மெச்சர் என்ற சொற்கள் இவ்வூர்த் தேநீர்க் கடைகளிலும் புழங்குகின்றன. கிணற்று மோட்டார் எரிந்துபோகாத விவசாயி கொங்கு நாட்டில் உண்டோ?

என் இளமையில் அம்பாஸிடரும் பியட்டுமே சாலைகளை ஆண்டன. வண்டி கிளம்பாவிட்டால் ஓட்டுநர் மூடியைத் திறப்பார். மூக்கால் பெட்ரோலை மோப்பம் பிடிப்பார். ப்ளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்ப்பார். அதுவும் பயனளிக்காவிட்டால் தெருப்பிள்ளைகள் நால்வர் தள்ளுவார்கள். குற்றம் எதுவாயினும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருந்தது. பின்னர்ப் புகைக் கட்டுப்பாடு வந்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் தலைநகர்ப் பகுதிக்கு ஆணையிட்டது. 2005இல் பாரத் ஸ்டேஜ் இரண்டாம் நிலை நாடு முழுவதற்கும் நடைமுறைக்கு வந்தது. கார்புரேட்டர் விடைபெற, அதன் இடத்தில் ஒரு சிறு கணினியும், அதற்குச் செய்தி கொண்டுவரும் சென்சார்களும் அமர்ந்தன. அந்த முதல் தலைமுறை வண்டிகளே இன்று ‘பழைய வண்டி’ என்று பெயர் பெற்றுள்ளன. இவற்றின் இக்கட்டு யாதெனில், கணினியோடு பேசும் பொதுமுறை 2010க்குப் பின்னரே நம் நாட்டில் படிப்படியாகக் கட்டாயமாயிற்று. அதற்கு முந்தியவற்றில் கம்பெனிக்கு ஒரு பாஷை. எல்லா ஸ்கேனரும் எல்லா வண்டியோடும் பேசாது.

என் தங்கை கிணத்துக்கடவில் வசிக்கிறாள். இரு சிறுநீரகங்களும் பழுதுபட்டு, வாரம் இருமுறை கோவைக்கு வந்து டயாலிசிஸ் செய்துகொள்கிறாள். அவளை ஏற்றி வருவது மகன் வாங்கிய அத்தகைய பழைய பெட்ரோல் கார் ஒன்று. காலையில் குதிரைபோல் வந்துவிடும். மருத்துவமனையிலிருந்து நடுப்பகலில் திரும்புகையில் ஈச்சனாரியிலோ மலுமிச்சம்பட்டியிலோ திடீரென்று அணைந்துவிடும். செல்ஃப் அடிக்கும், என்ஜின் பற்றாது. நாற்பது நிமிடம் கழித்து, ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பும். இரத்தம் முழுவதும் இயந்திரத்தினூடே சென்று திரும்பிய உடம்பு, அழுத்தம் குறைந்து, சித்திரை வெயிலில், லாரிகள் உறுமும் பொள்ளாச்சி சாலையோரத்தில் கிடக்கும் அந்த நாற்பது நிமிடம் எத்தகையது என்பதை நான் விவரிக்க வேண்டுவதில்லை. மூன்றாம் முறை நின்றபோது, “இனி நான் வரலை அண்ணே, அல்லாஹ் விட்ட வழி” என்று சொல்லிவிட்டாள். அச்சொல்தான் எங்களை உலுக்கியது.

ஒரு பட்டறையில் பாட்டரியையும் ப்ளக்குகளையும் மாற்றினார்கள். இன்னொன்றில் பெட்ரோல் பம்ப்பைப் புதிதாக்கினார்கள். மூன்றாவது இடத்தில், ஸ்கேனர் பேசவில்லையாதலால் கணினியே செத்துவிட்டது என்றும், முப்பத்திரண்டாயிரம் ஆகும் என்றும் கூறினார்கள். வண்டியின் விலையில் பாதி அது! வேடிக்கை என்னவெனில், பட்டறை போய்ச் சேரும்போதெல்லாம் வண்டி குளிர்ந்து நன்றாக ஓடியது. வைத்தியரைக் கண்டதும் காய்ச்சல் இறங்கிவிடும் பிள்ளையைப் போல.

நான்காவதாகக் குறிச்சியில் ஒரு மிஸ்திரியிடம் போனோம். அறுபதைக் கடந்தவர். மூடியைத் திறக்கவே இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து அரைமணி நேரம் கேள்விதான் கேட்டார். “ஏனுங்க தம்பி, நின்ன பொறவு செல்ஃப் அடிக்கறப்போ, மீட்டர்ல சுத்துக் காட்டற முள்ளு ஆடுதுங்களா?” மருமகன் விழித்தான். “பெட்ரோல் வாசம் அடிச்சுதுங்களா?” அதற்கும் விழித்தான். பின்னிருக்கையில் சாய்ந்திருந்த தங்கை அப்போது வாய் திறந்தாள்: “வாசமே இல்லைங்க. எனக்குக் கொஞ்சம் வாசம் வந்தாலும் குமட்டும். சாவி போட்டதும் என் சீட்டுக்கு அடியில ரெண்டு நொடி ‘ம்ம்’ங்குமே, அது மட்டும் நின்ன நாள்லயும் கேட்டுச்சு. முள்ளு செத்துத்தான் கிடந்துச்சு.”

மிஸ்திரி எழுந்துவிட்டார். “அம்மா பாதி வேலையை முடிச்சுட்டாங்க.”

இவ்வண்டிகளில் பம்ப் பின்னிருக்கைக்குக் கீழே தொட்டியினுள் இருக்கிறது. சாவி போட்டதும் ஓரிரு நொடி ஓடிப் பெட்ரோலை அழுத்தி வைக்கும். அவ்வொலி கேட்டதென்றால் பம்ப்பும் ரிலேயும் ஃபியூஸும் குற்றமற்றவை. நீர்ச்சூட்டை அளக்கும் சென்சார் பொய் சொல்லி, சூடான என்ஜினைக் குளிர்ந்தது என்று காட்டினால், கணினி பெட்ரோலை அளவுக்கு மீறிக் கொட்டும். வாசம் மூக்கைத் துளைக்கும். வாசமில்லை என்பதால் அதன்மேலும் ஐயம் இல்லை. செல்ஃப் சுழற்றியும் முள் அசையவில்லை என்றால், என்ஜின் சுழல்கிறது என்ற செய்தியே கணினிக்குப் போய்ச் சேரவில்லை. மூன்று பட்டறைகளும் கேளாத ஒருத்தியிடமே மூன்று சாட்சியங்களும் இருந்தன. நோயாளியை வண்டியின் சுமையாகக் கருதினார்களேயன்றி, வண்டியை அறிந்தவளாகக் கருதவில்லை. பெண் அறிவிப்பாளர்களைத் தயக்கமின்றி ஏற்ற ஹதீஸ் கலையைக் கற்பிப்பவன் என்ற முறையில், எனக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

அச்செய்தியைக் கொண்டுசெல்வது கிராங்க் சென்சார். என்ஜினின் மேலும் கீழுமான ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் தண்டு. 1206இல் தம் இயந்திர நூலை முடித்த அல்ஜஸரி, நீரிறைக்கும் பொறியொன்றில் சுழற்சியை முன்பின் ஓட்டமாக மாற்றக் கிராங்க்கைக் கையாண்டிருப்பதை நம் பிள்ளைகள் அறிதல் நன்று. அத்தண்டோடு ஒரு பற்சக்கரம் சுழல்கிறது. பல வண்டிகளில் அறுபது பற்களுக்கு இடம் விட்டு, இரண்டை வேண்டுமென்றே வெட்டியிருப்பார்கள். தஸ்பீஹ் மணியில் பெரிய மணி வந்ததும் சுற்று முடிந்தது என்று விரல் கண்ணின் உதவியின்றி அறிகிறதல்லவா? அதுபோல அவ்வெற்றிடம் வரும்போது தண்டு எந்நிலையில் உள்ளது என்று கணினி அறியும். அருகே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கும் சென்சாருள் ஒரு காந்தமும், அதன்மேல் மயிரிழைக் கம்பிச் சுருளும் உள்ளன. ஒவ்வொரு பல்லும் கடக்கையில் சுருளில் ஒரு சிறு மின்துடிப்பு எழும். “நம்ம கிணத்து மோட்டார் வைண்டிங் தானுங்க, சுண்டைக்காய் அளவுல” என்றார் மிஸ்திரி. துடிப்பு வராவிட்டால் கணினி தீப்பொறியும் தராது, பெட்ரோலும் தெளிக்காது. சாட்சி வராத வழக்கில் தீர்ப்புச் சொல்ல மறுக்கும் காஜியாரின் மௌனம் அது. அதைச் சாவு என்று கருதித்தான் முப்பத்திரண்டாயிரம் கேட்டார்கள்.

எனினும் அவர் உடனே சென்சாரைக் கழற்றவில்லை. வண்டியை வெயிலில் நிறுத்தி ஓடவிட்டார். ஒரு மணி நேரத்தில் அது தன் வழக்கப்படி அணைந்தது. ப்ளக்கில் பொறி இல்லை. பெட்ரோல் தெளிப்பானில் மாட்டிய டெஸ்ட் லாம்ப் கண்சிமிட்டவில்லை. இரண்டும் ஒன்றாக நின்றதால், இரண்டுக்கும் பொதுவான இடத்தில் குற்றம். கணினியின் முனையில் மீட்டரை வைத்து அளந்தார், இணைப்பு அறுந்திருந்தது. இங்கேதான் அவசரக்காரர்கள் தவறுவார்கள். ஸ்கேனர் பேசும் வண்டிகளில்கூட பி0335 என்ற குறி கிராங்க் சென்சாரின் ‘சர்க்யூட்’ பழுது என்றே சொல்லும். வயர், பிளக், சென்சார் மூன்றும் அதில் அடக்கம். ஹதீஸைப் பரிசோதிப்பவர் தொடர் முறிந்ததா, அறிவிப்பாளர் பலவீனமா என்று வேறுபிரித்துப் பார்ப்பது போல, அவர் வயரைத் தனியே அளந்தார். நன்றாக இருந்தது. பிறகு சென்சாரை அதன் சொந்த முனையிலேயே அளந்தார். அறுந்திருந்தது. நாற்பது நிமிடம் கழித்து, குளிர்ந்த பின், அதே சென்சார் 860 ஓம் என்று காட்டியது. ஒரு குறையும் சொல்ல முடியாத கணக்கு.

ஹதீஸ் கலையில் ‘இக்திலாத்’ என்று ஒரு சொல் உண்டு. நம்பகமானவராக விளங்கிய ஒருவர் பிற்காலத்தில் நினைவு குழம்பிவிடுதல். கூஃபாவைச் சேர்ந்த அதா இப்னு ஸாயிப் அத்தகையவர். அறிஞர்கள் அவரை முற்றாகத் தள்ளிவிடவில்லை. குழப்பத்திற்கு முன் அவரிடம் கேட்டவர் யார், பின் கேட்டவர் யார் என்று பிரித்து, முன்னதை ஏற்றார்கள். பாடத்தில் இதைப் பலமுறை விளக்கியிருக்கிறேன். சூட்டில் வாயடைத்துக் குளிரில் உண்மை பேசும் ஒரு கம்பிச் சுருள் இதற்கு இவ்வளவு பொருத்தமான உவமையாகும் என்று நினைத்ததில்லை. சுருளின் இழை எங்கோ ஓரிடத்தில் அறுந்து, குளிரில் முனைகள் தொட்டுக்கொண்டும் சூட்டில் விலகியும் நிற்கிறதாம். மூன்று பட்டறைகளும் அதைக் குளிர்ந்த நேரத்தில் விசாரித்து நற்சான்று வழங்கியிருக்கின்றன.

பத்தாம் நம்பர் ஸ்பேனர், ஒரே ஒரு போல்ட். புதிய சென்சார் ஆயிரத்து நூறு ரூபாய், கூலி முந்நூறு. அன்று முதல் பத்து மாதங்களாக, வாரம் இருமுறை, வண்டி வழியில் நிற்கவில்லை. தங்கையும் நிற்கவில்லை. பழைய சென்சாரை அவசரத்துக்கு உதவும் என்று மருமகன் டேஷ்போர்டில் வைக்கப் போனான்.

“அதைக் குடுங்க தம்பி. ஆறிக் கிடக்கறப்போ எவன் அளந்தாலும் நல்லதுன்னுதான் காட்டும். எடுத்து எந்த வண்டியிலயாவது மாட்டிருவாங்க” என்று கூறி வாங்கிய மிஸ்திரி, அதைப் பட்டறைக் கல்லின்மேல் வைத்துச் சுத்தியலால் ஒரே அடி அடித்தார்.