டீ, வடை, 1,368 கோடி

கடலூர்-சிதம்பரம் பஸ்.
சிப்காட் தொழிற்பேட்டை நெருங்கினதும், நாத்தம் தாங்காம, யாரும் சொல்லாமலே ஜன்னலெல்லாம் மூடிக்குது.

போன்ல, கட்சிகளுக்கு நன்கொடை குடுக்க வாங்கின தேர்தல் பத்திரக் கணக்கு பாத்துக்கிட்டிருந்தேன்.
2024 பிப்ரவரி 15, உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணுச்சே, அதேதான்.

கோவை லாட்டரி கம்பெனி ஃபியூச்சர் கேமிங் மட்டும் 1,368 கோடிக்கு பத்திரம் வாங்கியிருக்கு.
அதுல 509 கோடி எங்களுக்குன்னு தி.மு.க.வே கணக்கு குடுத்திருக்கு.
மொத்த வசூல்ல முதலிடம் பா.ஜ.க.
தமிழ்நாட்டுல லாட்டரிக்கு 2003லயே தடை!

சிப்காட் நாத்தத்துக்கும் இதுக்கும் முடிச்சு போட எங்கிட்ட ஆதாரம் இல்ல.
ஆனா காசு குடுத்தவன் சொன்னா காது கேக்கும்ல?

நானும் 'லாபி' பண்ணிப் பாத்தேங்க.
வார்டு பிரமுகர் ஒருத்தருக்கு டீ, ரெண்டு வடை.
தெருவிளக்கு இன்னும் எரியல.
முதலீடு பத்தல போல 😄

சரி, அந்தக் கோடியெல்லாம் கடைசியில எந்த பில்லுல நம்ம தலையில விழுது?
யாருக்காவது தெரியுமா?